பல்பு புராஜெக்ட்டுக்கு நிபுணரிடம் எதைக் கேட்பது, எதை வீட்டிலேயே அளப்பது?

எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ‘எந்த பல்பு சிறந்தது’ என்ற தலைப்பை எடுத்திருக்கிறாள். குண்டு பல்பு, சிஎஃப்எல், எல்இடி மூன்றையும் ஒப்பிட வேண்டும், மூன்று வாரம் இருக்கிறது, கையில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் கிடையாது. விவரம் தெரிந்த ஒருவர் வழிகாட்ட வேண்டும், அவரை எங்கே பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று தனித்தனித் தேவைகள் இருக்கின்றன. 230 வோல்ட் வயரிங்கை ஆபத்தில்லாமல் செய்து தர ஒருவர் வேண்டும். எடுத்த அளவீடு சரிதானா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். நடுவர் குடைந்து கேட்டால் தடுமாறாமல் இருக்கும்படி அவளுக்கு விளக்க ஒருவர் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் தேடுவதால்தான் பலருக்கு யாருமே கிடைப்பதில்லை.

ஆளைத் தேடும் முன் தலைப்பைச் சுருக்கிவிடுங்கள். ‘எந்த பல்பு சிறந்தது’ என்று ஒரு பேராசிரியரிடம் கேட்டால் எல்இடி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அது உண்மையும்கூட. ஒரு வாட்டுக்குக் குண்டு பல்பு 10 முதல் 15 லூமன் தரும், சிஎஃப்எல் 50 முதல் 70 வரை, இன்றைய எல்இடி 90 முதல் 110 வரை அல்லது அதற்கும் மேலே. பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய விடைக்குக் கண்காட்சி எதற்கு? நான் பரிந்துரைக்கும் கேள்வி இது: ‘ஏறத்தாழ ஒரே லூமன் உள்ள இரண்டு பல்புகள், படிக்கும் மேசையில் ஒரே வெளிச்சத்தைத் தருமா?’ லூமன் என்பது பல்பிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறும் மொத்த ஒளி. லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழும் ஒளி. 700 லூமன் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவினால் ஒன்றரை மீட்டர் கீழே 25 லக்ஸ்தான் விழும். அதே 700 லூமன் கீழ்ப்பாதியில் மட்டும் சமமாகப் பரவினால் 50 லக்ஸ் ஆகிவிடும். குண்டு பல்பு முதல் வகைக்கு நெருங்கியது. எல்இடி பல்பில் அடிப்பாகம் பிளாஸ்டிக்கும் அலுமினியமுமாக ஒளியை மறைப்பதால், அது இரண்டாம் வகைப் பக்கம் சாய்கிறது. பல்புக்கு நேர் கீழே ஒரே ஒரு அளவு எடுத்து ‘எல்இடி இரண்டு மடங்கு ஒளி தருகிறது’ என்று சார்ட்டில் எழுதுவதுதான் இந்தத் தலைப்பில் அதிகம் நடக்கும் தவறு. உங்கள் மகள் அந்தத் தவறையே ஆராய்ச்சிக் கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம்.

வாங்க வேண்டியவை: 60 வாட் குண்டு பல்பு இரண்டு (ஒன்று சுமார் 700 லூமன் தரும்), 7 வாட் எல்இடி இரண்டு. எல்இடி பெட்டியில் லூமன் எண்ணைப் பார்த்து 700-க்குப் பக்கத்தில் இருப்பதாக எடுங்கள். நிறம் முக்கியம்: 2700கே அல்லது வார்ம் ஒயிட் என்று இருப்பதையே வாங்க வேண்டும், கூல் டேலைட் வேண்டாம். காரணம் கீழே வருகிறது. சிஎஃப்எல்லை விட்டுவிடுவது நல்லது. உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, குழந்தைகள் கூடும் இடத்தில் உடைந்தால் தொல்லை. வீட்டில் பழையது உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் அறைக்கு வெளியே இருங்கள். பிறகு கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, தூளை செலோடேப்பால் ஒற்றி எடுத்து மூடி போட்ட பாட்டிலில் போடுங்கள். துடைப்பமோ வேக்கம் கிளீனரோ வேண்டாம், இரண்டும் பாதரசத்தைப் பரப்பிவிடும்.

லக்ஸ் மீட்டர் இல்லாமல் ஒளியை ஒப்பிட நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கும் ஒரு வழி உண்டு, ராபர்ட் பன்சனின் எண்ணெய்ப் பொட்டு முறை. ஏ4 தாளின் நடுவில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பரவியதும் மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். பழைய நோட்டு அட்டையின் நடுவை வெட்டிச் சட்டமாக்கித் தாளை அதில் ஒட்டி நிமிர்த்தி நிறுத்துங்கள். இரண்டு பல்புகளையும் 200 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரே உயரத்தில் வைத்து, நடுவே அளவு நாடாவை ஒட்டி, அறையை இருட்டாக்கித் தாளை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். பின்பக்க ஒளி கூடுதலாக இருந்தால் பொட்டு பளிச்சென்று தெரியும். முன்பக்க ஒளி கூடுதலாக இருந்தால் சுற்றியுள்ள தாளைவிடக் கறுத்துத் தெரியும். நடுவில் ஓரிடத்தில் பொட்டு தாளோடு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். அங்கே இரு பக்கமும் விழும் வெளிச்சம் சமம். ‘அ’ பல்பிலிருந்து 80, ‘ஆ’ பல்பிலிருந்து 120 சென்டிமீட்டரில் பொட்டு மறைந்தால், ‘ஆ’ பல்பு 120-ஐ 80-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தது, அதாவது 2.25 மடங்கு, பிரகாசமானது. தாளும் கொஞ்சம் ஒளியை உறிஞ்சுவதால் இந்தப் பக்கமிருந்து பார்க்கும்போது மறையும் இடமும் அந்தப் பக்கமிருந்து பார்க்கும்போது மறையும் இடமும் சற்று வேறாக இருக்கும். இரண்டையும் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். ஒரு பல்பு மஞ்சளாகவும் மற்றது நீலம் கலந்த வெள்ளையாகவும் இருந்தால் பொட்டு எங்கேயும் முழுதாக மறையாது, ஒரு ஓரம் மஞ்சளாகவோ நீலமாகவோ நின்றுகொண்டே இருக்கும். வார்ம் ஒயிட் வாங்கச் சொன்னது இதனால்தான்.

குண்டு பல்பையும் எல்இடியையும் ஒப்பிடும் முன் ஒரே ரகத்தைச் சேர்ந்த இரண்டு பல்புகளை எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். பொட்டு சரியாக 100-இல் மறைய வேண்டும். 96-இல் மறைகிறது என்றால் 104-ஐ 96-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள், 1.17 வரும். நான்கு சென்டிமீட்டர் தள்ளியதற்கே 17 சதவீத வித்தியாசம். இப்போது இரண்டு பல்புகளையும் இடம் மாற்றுங்கள். மறையும் இடம் 104-க்குப் போனால் பல்புகள் உண்மையிலேயே வேறுபடுகின்றன. 96-இலேயே நின்றால் குறை அறையில் இருக்கிறது: ஒரு பக்கத்து வெள்ளைச் சுவர், பளபளக்கும் பீரோ, பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டை. கறுப்புத் துணி தொங்கவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்து, எண்களோடு சார்ட்டில் எழுதியிருக்கும் மாணவியிடம் நடுவர் பேசும் தொனியே மாறிவிடும். ஒவ்வொரு அமைப்புக்கும் பத்து முறை எடுக்கட்டும். தாளை நகர்த்துபவர் அளவு நாடாவைப் பார்க்கக் கூடாது, எண்ணை இன்னொருவர் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் கை தானாகவே முந்தைய எண்ணுக்குப் போய் நிற்கும்.

இந்தச் சோதனையில் தேறிய பிறகு உண்மையான ஒப்பீட்டை இரண்டு விதமாகச் செய்ய வேண்டும். முதலில் இரு பல்புகளின் முனையும் தாளை நோக்கியிருக்க, பிறகு இரண்டையும் பக்கவாட்டாகத் திருப்பி. குண்டு பல்பு இரண்டு நிலையிலும் பெரிதாக மாறாது, எல்இடி மாறும். அந்த மாற்றம்தான் அவளுடைய கண்டுபிடிப்பு.

ஆண்ட்ராய்டு போனின் ஒளி சென்சாரைப் பயன்படுத்தும் லக்ஸ் ஆப்களும் உதவும், ஓர் எல்லைக்குள். அவை காட்டும் லக்ஸ் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஒரே போனில் ஒரே இடத்தில் எடுத்த இரண்டு எண்களின் விகிதத்தை ஓரளவு நம்பலாம். ஐபோனில் ஆப்கள் பெரும்பாலும் கேமராவை வைத்துக் கணக்கிடுவதால் அது இன்னும் சறுக்கும். சென்சார் திரையின் மேல் விளிம்பில், காதில் வைக்கும் ஒலித்துளைக்கு அருகே இருக்கும். விரலால் மூடிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து, தூரத்தை அங்கிருந்து அளக்க வேண்டும். போனையும் அறையையும் சேர்த்துச் சோதிக்க எளிய வழி: 50 சென்டிமீட்டரில் ஒன்று, 100 சென்டிமீட்டரில் ஒன்று. முதல் எண் இரண்டாவதைப்போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். மூன்று மடங்கே வந்தால் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் திரும்பி வரும் ஒளி கலந்திருக்கிறது என்று பொருள். அதைக் கழிக்க பல்பை அணைக்காதீர்கள். பல்பு எரியும்போதே பல்புக்கும் போனுக்கும் நடுவில் உள்ளங்கை அளவு கறுப்பு அட்டையைப் பிடித்து, நேரடி ஒளியை மட்டும் மறைத்து ஓர் எண் எடுங்கள். அதுதான் சிதறி வரும் ஒளி, அதை முதல் எண்ணிலிருந்து கழித்தால் விகிதம் நான்குக்கு அருகில் வந்துவிடும்.

அடுத்தது மின்சாரம். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து வீட்டு மின்சாரத்தில் நுழைக்க உங்கள் மகளையோ, அனுபவமில்லாத யாரையுமோ விடாதீர்கள். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து வோல்ட்டால் பெருக்கினாலும் எல்இடிக்கு விடை தவறாகவே வரும். 9 வாட் எல்இடி ஒன்று 0.07 ஆம்பியர் இழுத்தால் பெருக்கல் 16 என்று காட்டும், உடனே ‘கம்பெனி ஏமாற்றுகிறது’ என்று எழுதத் தோன்றும். அது பவர் ஃபாக்டர் செய்யும் வேலை, அதாவது உண்மையில் செலவாகும் வாட்டுக்கும் இந்தப் பெருக்கலுக்கும் உள்ள விகிதம். குண்டு பல்புக்கு அது 1, மலிவான எல்இடிக்கு 0.5-ஐ ஒட்டிக்கூட இருக்கும். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் கிடைத்தால் பிரச்சினை தீர்ந்தது. கிடைக்காவிட்டால் வீட்டு மின் மீட்டரே போதும். அதன் முகப்பில் 3200 இம்ப்/கிலோவாட் அவர் என்பதுபோல் ஓர் எண் அச்சிட்டிருக்கும், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். 3200 மினுக்கல் ஒரு யூனிட் என்றால் ஒரு மினுக்கல் 1125 ஜூல். 60 வாட் பல்பு மட்டும் எரிந்தால் 18.75 விநாடிக்கு ஒருமுறை மினுக்க வேண்டும். 7 வாட் எல்இடிக்கு 160 விநாடி ஆகும். அவ்வளவு சிறிய சுமையில் மீட்டர் ஒழுங்காக எண்ணாமலும் போகலாம், அதனால் ஐந்து எல்இடிகளைச் சேர்த்து எரியவிட்டு, வரும் வாட்டை ஐந்தால் வகுங்கள். பத்து மினுக்கலுக்கு நேரம் எடுங்கள். ஃபிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், கொசுவிரட்டி மெஷின் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும். கொசுவிரட்டியை மறந்தால் சில வாட் கூடி எல்இடி கணக்கே கெட்டுவிடும். மீட்டரைத் தொட வேண்டியதில்லை, பார்த்தால் போதும்.

இரண்டு விஷயங்கள் அளவீட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கும். எல்இடி சூடேறச் சூடேற அதன் ஒளி சில சதவீதம் குறையும், ஆகவே போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் அளக்க வேண்டும். மற்றது வோல்டேஜ். குண்டு பல்பின் ஒளி வோல்டேஜின் ஏறத்தாழ 3.4 அடுக்கில் மாறுகிறது. மாலை ஏழு மணிக்கு 230 இருந்த இடத்தில் 210 ஆனால் ஒளி 27 சதவீதம் விழுந்துவிடும். நல்ல டிரைவர் (உள்ளே மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சர்க்யூட்) உள்ள எல்இடி அசையவே அசையாது. மதியம் குண்டு பல்பையும் இரவு எல்இடியையும் போனைக் கொண்டு தனித்தனியாக அளந்தால் ஒப்பீடு செல்லாது. எண்ணெய்ப் பொட்டு முறையில் இரண்டும் ஒரே நேரத்தில் எரிவதால் வெவ்வேறு வேளையில் அளப்பதால் வரும் குழப்பம் இல்லை. அளந்த நேரத்தையும் வோல்டேஜையும் மட்டும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

இந்தப் பரிசோதனையால் சொல்ல முடியாதவற்றையும் அவள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பது இடைவிடாமல் எரித்தால் கிட்டத்தட்ட மூன்று வருடம். மூன்று வாரத்தில் அதைப் பற்றி எதுவும் நிரூபிக்க முடியாது. ஆய்வுக்கூடங்களே எல்இடி சில்லுகளைப் பொதுவாக 6,000 மணி நேரம் எரித்துப் பார்த்து, ஒளி 70 சதவீதத்துக்கு இறங்கும் நாளைக் கணக்கால் நீட்டித்துத்தான் சொல்கின்றன. அந்தக் கணக்கு சில்லுக்கு மட்டும்தான். பல பல்புகள் அதற்கு முன்பே டிரைவரில் உள்ள கெப்பாசிட்டர் கெட்டு அணைந்துபோகின்றன. இரண்டு பல்பை அளந்துவிட்டு ஒரு கம்பெனியின் எல்லா பல்பையும் பற்றித் தீர்ப்பு எழுதுவதும் கூடாது.

இனி ஆட்கள். முதல் ஆள் லைசென்ஸ் உள்ள வயர்மேன், அரை மணி நேர வேலை. ஒரு மரப்பலகையில் இரண்டு பேட்டன் ஹோல்டர், ஒவ்வொன்றுக்கும் ஃபேஸ் வயரில் சுவிட்ச், நல்ல பிளக் டாப். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பல்பு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். 60 வாட் பல்பின் கண்ணாடி தோலைப் பொசுக்கிவிடும் சூட்டுக்குப் போகும், கால் மணி நேரம் ஆறவிடுங்கள். எல்இடி பல்பின் மூடியைக் கழற்றி உள்ளே காட்ட பிள்ளைகளுக்கு ஆசை வரும். பெரும்பாலான பல்புகளில் அந்தச் சில்லுப் பலகை வீட்டு மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்தப்படாதது, தொட்டால் ஷாக் அடிக்கும். கெட்டுப்போன பல்பை, பிளக் பக்கமே கொண்டுபோகாமல் காட்டினால் போதும்.

இரண்டாவது ஆள், விளக்கிச் சொல்பவர். பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறார்: அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளைகளிலும் கேட்கலாம். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு மாணவர்களைத் தயார் செய்து பழகிய ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் எந்த அளவுக்குப் பேசலாம் என்று அவர்களுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் பாலிடெக்னிக் அல்லது பொறியியல் கல்லூரியின் ஈஈஈ (மின், மின்னணுப் பொறியியல்) துறையில் இருப்பவர். இவரிடம் முதல் வாரமே ஓடாதீர்கள். முதல் சுற்று அளவீடு முடிந்து, அதில் ஒரு எண் பொருந்தாமல் இடிக்கும்போது போக வேண்டும்.

கடிதத்தை அவளே எழுதட்டும், ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். மாதிரிக்கு, எண்கள் அவளுடையதாக மாற வேண்டும்: ‘வணக்கம். நான் எட்டாம் வகுப்பு மாணவி. ஒரே லூமன் உள்ள குண்டு பல்பையும் எல்இடியையும் எண்ணெய்ப் பொட்டு முறையில் ஒப்பிட்டேன். முனை தாளை நோக்கி இருந்தபோது எல்இடி 1.9 மடங்கும், பக்கவாட்டில் 1.1 மடங்கும் வந்தது. பல்புகளை இடம் மாற்றினால் 1.9 என்பது 1.6 ஆகிறது. இது என் அளவீட்டுப் பிழையா என்று பார்த்துச் சொல்ல 20 நிமிடம் தர முடியுமா?’ கூடவே நோட்டில் எழுதிய அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ‘எல்இடி பற்றி விளக்கவும்’ என்று வரும் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யாருக்குமே புரியாது. பொருந்தாத ஒரு எண்ணோடு வரும் கடிதத்தை இந்தத் துறையில் இருப்பவர்களால் சும்மா விட முடியாது. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் துறைத் தலைவருக்கு ஒருமுறை நினைவூட்டிவிட்டு, அடுத்த கல்லூரிக்கு எழுதுங்கள்.

அவர் நேரம் கொடுத்தால் கேட்க வேண்டிய முக்கியமான உதவி ஒன்று இருக்கிறது. சில கல்லூரிகளிலும் பல்பு தயாரிக்கும் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களிலும் இன்டக்ரேட்டிங் ஸ்பியர் இருக்கும். அது உட்புறம் முழுக்க மங்கலான வெள்ளை பூசிய பெரிய கோளம், பல்பின் ஒளி எந்தத் திசையில் போனாலும் உள்ளேயே சிதறிக் கலந்து மொத்த லூமனாக வெளிவரும். உங்கள் எல்இடி பல்பு ஒன்றை, அரை மணி நேரம் எரியவிட்டு, அதில் அளந்து தர முடியுமா என்று கேளுங்கள். அந்த பல்பின் அடியில் மார்க்கரால் ‘1’ என்று எழுதி, வந்த லூமனையும் அன்றைய தேதியையும் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் கோளத்துக்குப் பதிலாக வீட்டில் 45 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி ஒன்றின் உட்புறம் முழுக்கப் பளபளப்பில்லாத வெள்ளை டிஸ்டெம்பர் அடித்து, நடுவில் ஹோல்டர், ஒரு பக்கச் சுவரில் போன் சென்சாருக்கு ஓட்டை, நேரடி ஒளி ஓட்டையில் விழாதபடி இடையில் ஒரு சிறு வெள்ளை அட்டை. ஒன்றாம் எண் பல்பு 700 லூமன் என்று அளந்து வந்து, பெட்டியில் அது 140 காட்டினால், 170 காட்டும் இன்னொரு எல்இடி சுமார் 850 லூமன். பெட்டிக்குள் எல்இடி மட்டும்தான். குண்டு பல்பின் சூட்டுக்கு அட்டை கருகும், தெர்மாகோல் உருகிவிடும்.

அந்த ஒன்றாம் எண் பல்பை வேறு வேலைக்கு எரிக்காமல், கடையில் வாங்கிய பெட்டியிலேயே பஞ்சு வைத்துக் கண்காட்சி முடியும்வரை தனியாக வைத்திருங்கள். ஒவ்வொரு நாளும் அளக்கத் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் அதை வெள்ளை அடித்த பெட்டிக்குள் போட்டு ஓர் எண் எடுக்கட்டும். முதல் எண்ணும் கடைசி எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் இடையில் எடுத்த அத்தனையையும் மறுநாள் மறுபடி எடுக்க வேண்டியதுதான். கூடுதலாக இரண்டு நாள் கையில் இருக்கும்படி இப்போதே தேதி போட்டு வையுங்கள்.